ஜெயம்மா வீட்டு இலைச்சுவர்

என் மகள் அபி மூன்று வாரமாக வீட்டில் படுத்திருக்கிறாள். பெங்களூருவில் வேலை பார்ப்பவள், ஓசூருக்கு வரும் வழியில் அத்திப்பள்ளி தாண்டி ஸ்கூட்டர் சறுக்கி விழுந்துவிட்டாள். தோள்பட்டை எலும்பில் ஒரு விரிசல். ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடிதான் இருக்கிறாள். பயம் போகாதது எனக்குத்தான். அன்றைக்கு அந்தப் போன் வந்தபோது என் கையில் தோசைக் கரண்டி இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று நான்கு நாள் தேடி, கடைசியில் ஃப்ரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்கு அடியில் கண்டெடுத்தோம். இப்போதும் போன் அடித்தால் கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

முந்தாநாள் அவள் நல்ல கையால் கட்டிலை ஒட்டிய சுவரைத் தடவிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, இந்தச் சுவத்துல ஒண்ணுமே இல்லையே. தளி ரோட்டு வீட்ல இலை இலையா இருக்குமே, அதை எங்கம்மா வாங்கின?"

இப்போது நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் சுவரெல்லாம் பட்டி பூசித் தேய்த்து வழுவழுவென்று இருக்கும். விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். படுத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோகாத சுவர்.

அவள் இலை என்றதும் எனக்கு முதலில் வந்தது வாசனைதான். வால்பேப்பர் ஒட்டும் பசையின் வாசனை. புளிக்காத தோசை மாவுக்கும் புது நோட்டுப் புத்தகத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு வாசனை அது. நான் இப்படிச் சொல்வதில் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒட்டிப் பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. ஓசூரில் தளி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி இரண்டாவது தெருவில் கீழ்ப்போர்ஷன் எங்களுடையது. மாடியில் வீட்டுக்காரர் ஜெயம்மா. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். சாமியிடம் கன்னடத்தில் பேசுவார், சொந்தக்காரர்களிடம் தெலுங்கில், குடியிருப்பவர்களிடம் தமிழில். டிவி சீரியலில் வரும் மாமியாரை மட்டும் மூன்றிலும் திட்டுவார். நான் விருதுநகர்க்காரி. டிப்ளமோ முடித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அபியின் அப்பா ஓமலூர்ப் பக்கம். அவர் இருந்தது பைக்குக்குப் பெட்ரோல் டேங்க் செய்யும் இன்னொரு கம்பெனியில், பெயிண்ட் அடிக்கும் பிரிவான பெயிண்ட் ஷாப்பில். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். கல்யாணமான புதிதில் ஊருக்குப் போனால் அந்த வாசனை இல்லாமல் தூக்கம் வராது. இதை நான் அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

அந்த வீட்டுச் சுவருக்கு ரோஸ் நிறத்தில் டிஸ்டம்பர் அடித்திருந்தார்கள். சாய்ந்தால் பொடியாக ஒட்டிக்கொள்ளும். கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களை முதுகைப் பார்த்தே எந்த வீட்டுக்காரி என்று சொல்லிவிடலாம். மஞ்சள் முதுகு, வெளிர்ப்பச்சை முதுகு, நான் ரோஸ் முதுகு. எங்களுக்குள் அது ஒரு வேடிக்கை. ஆனால் நான்கு வயது அபிக்கு அந்தப் பொடி வேடிக்கையாக இல்லை. விடியற்காலையில் அவள் மூச்சு விசில் அடிக்கும். ஓசூர்க் குளிர் வேறு. வடக்குச் சுவரில் கட்டிலுக்கு மேலே கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். நான் துடைப்பேன், பத்து நாளில் திரும்ப வரும்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல சுவர் எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். பொடி உதிரக் கூடாது, ஈரம் கூடாது, வாசனை அடிக்கிற பெயிண்ட்டும் கூடாது என்றார். வெளியே வந்ததும் அபியின் அப்பா பைக்கைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஜூன்ல ஸ்கூல் சேர்க்கணும். அதுக்குள்ள சரியாச்சுன்னா பார்ப்போம். இல்லேன்னா விருதுநகர்ல உங்க அக்கா வீட்ல விட்டு அங்கியே சேர்த்துரலாம்."

"அஞ்சு வயசுகூட ஆகலைங்க."

"அங்க போனா அவளுக்கு ஒரு நாளாச்சும் மூச்சு வாங்கி இருக்குதா, சொல்லு."

இருந்ததில்லை. விருதுநகர் வெயிலில் அவள் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவாள். அக்காவும் சந்தோஷமாகவே, "கொண்டாந்து விடுடி, எம் பிள்ளைகளோட ஒண்ணா வளந்துட்டுப் போகட்டும்" என்றாள். யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அன்றிலிருந்து ஜூன் மாதம் ஒரு லாரி மாதிரி எதிரே வந்துகொண்டிருந்தது.

வால்பேப்பர் யோசனை வந்தது ஒரு கம்பெனிப் பயிற்சியில். பெங்களூருவில் ஒரு ஓட்டலில் எங்களை உட்கார வைத்துப் பிழை குறைப்பது எப்படி என்று பாடம் நடத்தினார்கள். நான் பாடத்தைக் கவனிக்காமல் சுவரைக் கவனித்தேன். சந்தன நிறத்தில் புடைப்புப் புடைப்பாகப் பூக்கள். சிமெண்ட் வேலை என்று நினைத்து நகத்தால் தட்டினேன், மொத்து மொத்தென்றது. தண்ணீர் வைக்க வந்தவர், "அது பேப்பர்ங்க மேடம். வெள்ளையா வரும். ஒட்டிட்டு மேல நமக்குப் பிடிச்ச கலர் அடிச்சுக்கலாம். அழுக்கானா துடைச்சுக்கலாம், சலிச்சுப் போச்சுன்னா வேற கலர்" என்றார். பொடி உதிராது. துடைக்கலாம். அன்றைய பாடத்தில் எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அபியின் அப்பாவும் பெங்களூருவில் வால்பேப்பர் விற்கும் ஒரு கடையைத் தேடிப் போனோம். கடைக்காரர் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில் பதில் சொன்னார். குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு என்றதும் மூன்று சுருள்களை எடுத்துப் போட்டார். முதலாவது கெட்டிக் காகிதத்தில் அழுத்திய பெரிய பூ. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

"அழகுதாம்மா. ஆனா ஒவ்வொரு பூவுக்குள்ளயும் தூசி குடித்தனம் பண்ணும். பிள்ளை இருக்கிற ரூமுக்கு ஆழமான டிசைன் வேணாம்."

இரண்டாவது மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பு. அபி தூக்கத்தில் உருளுவாள், முழங்கை தேய்ந்துவிடும். மூன்றாவதில் சின்னச் சின்ன இலைகள், நுரை மாதிரி மெத்தென்று மேலெழும்பியிருந்தன. உள்ளே காகிதம், மேலே பிளாஸ்டிக் நுரை என்றார். புடைப்பு குறைவு, ஈரத்துணியால் துடைக்கலாம், சுவரில் இருக்கும் மேடுபள்ளத்தையும் மறைத்துவிடும். கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. நான் கைப்பையிலிருந்து, கம்பெனியில் அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்து இலையின் உயரத்தை மூன்று இடங்களில் அளந்தேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மூன்றிலும் ஒரே அளவு. எனக்குத் திருப்தி.

கடைக்காரர் அபியின் அப்பாவைப் பார்த்தார். "தங்கம் வாங்க வர்றவங்ககூட இப்படிப் பார்க்கறதில்ல சார்."

"என்னையும் அளந்து பார்த்துட்டுதாங்க கட்டிக்கிட்டா" என்றார் இவர்.

நாங்கள் கிளம்பும்போது கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஈரச் சுவரில் ஒட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் சுவர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, இதன் மேல் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் மட்டும்தான் அடிக்க வேண்டும். முதலாவதை நான் டைரியில் குறித்துக்கொண்டேன். இரண்டாவதைக் குறிக்கவில்லை. யாராவது சுவருக்கு வேறு எதை அடிக்கப் போகிறார்கள்?

பிளாஸ்டிக் தாள் ஒரே நாளில் வியர்த்துவிட்டது. எங்கள் கம்பெனியில் கோளாறான பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவோம். என்ன குறை, யார் பார்த்தது, என்ன செய்யவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் மேனேஜரே வந்தாலும் அந்தப் பொருளை நகர்த்த முடியாது. பழக்க தோஷம், வடக்குச் சுவரில் நான் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டேன். 'ஈரம். பயன்படுத்தக் கூடாது. காரணம் கண்டுபிடிக்கவும்.'

சாயங்காலம் ஜெயம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். தமிழ் பேசுவாரே தவிரப் படிக்கத் தெரியாது. சிவப்பாக, கையெழுத்துடன், தன் வீட்டுச் சுவரில் ஒரு சீட்டு.

"ஏம்மா, என் வீட்ட யாரு ஜப்தி பண்ணாங்கோ?"

நான் விளக்குவதற்குள் அவர் பாதித் தெருவைக் கூப்பிட்டுவிட்டார். ஒருவழியாக விளங்கியதும் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "என் சுவத்துக்கு ஈரமா? எங்க வீட்டுக்காரு நின்னு கட்டினது!" என்று என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார், நிரூபிக்க. போன இடத்தில் அண்ணாந்து பார்த்தோம். மாடித் தொட்டி நிரம்பி வழிகிற குழாய், ஒடிந்த முனையோடு, வடக்குச் சுவரின் மேலேயே நின்று வழிந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமோ. ஜெயம்மா ஒடிந்த முனையையும் ஈரச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மகு இதனாலயா இழுத்துக்கினு கெடந்துச்சு?" என்றார். குழந்தையை அவர் மகு என்றுதான் சொல்வார். மறுநாளே குழாயை மாற்றினார். மாற்றிவிட்டு வந்து, "இப்ப அந்தச் சீட்ட எடு, எனக்குக் கண்ணு கூசுது" என்றார்.

சுவர் காயப் பங்குனி முழுக்க விட்டோம். ஏப்ரலில் பொடியைச் சுரண்டி, பிரைமர் அடித்து, ஒட்டும் நாளைக் குறித்தோம். உதவிக்கு வந்தது முனிராஜ். அபியின் அப்பாவோடு பெயிண்ட் ஷாப்பில் ஸ்ப்ரே கன் பிடிப்பவர். தேன்கனிக்கோட்டைக்காரர். லீவு நாளில் தன் மச்சான் ஷெட்டில் பழைய பைக்குகளுக்குப் பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிவிடுவார். "டேங்க்ல முகம் பார்த்துத் தலை சீவலாம்கா" என்று அவரே சொல்லிக்கொள்வார். உண்மைதான், சீவலாம்.

வேலை நடக்கும் மூன்று நாளும் அபி வீட்டில் இருக்கக் கூடாது என்று நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியில் என் கம்பெனித் தோழி மேரி வீட்டுக்குப் போனேன். போகும் முன் என் புத்தி சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் வேலை முறைத் தாள் ஒன்று தொங்கும். முதல் படி, இரண்டாம் படி என்று எல்லாம் எழுதியிருக்கும். அதேபோல ஒன்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். பசையை எத்தனை நிமிஷம் ஊறவிட வேண்டும், இரண்டு துண்டு சேரும் இடத்தில் இலையோடு இலை எப்படிப் பொருந்த வேண்டும், காற்றுக் குமிழியை நடுவிலிருந்து ஓரத்துக்கு எப்படித் தள்ள வேண்டும், மறுநாள் பெயிண்ட், மெல்லியதாக இரண்டு கோட். பதினோரு படிகள். கீழே கையெழுத்து. வெளிர்ப்பச்சை எமல்ஷன் டப்பாவை மூலையில் வைத்துவிட்டுப் போனேன்.

கிருஷ்ணகிரியில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். தூசிக்குப் பயந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவள், மேரி கூப்பிட்டாள் என்று அவளைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். நூறு மாடு, அவற்றின் நாலு மடங்கு கால், கிளம்பிய புழுதியில் எதிரே நிற்பவர் தெரியவில்லை. நான் கைக்குட்டையால் அவள் மூக்கை மூட, அவள் அதைப் பிடுங்கி ஒரு கன்றுக்குட்டியின் நெற்றியைத் துடைத்தாள். ஒரு தும்மல்கூட இல்லை. திரும்பும்போது, "மாடு வாங்கலாம்மா, நம்ம வீட்டுச் சுவர்கிட்ட கட்டலாம்" என்றாள்.

வீடு வந்து கதவைத் திறந்தேன். முதலில் முகத்தில் அறைந்தது தின்னர். அடுத்து நிறம். சுவர் மயில்கழுத்து நீலத்தில் மினுமினுவென்று இருந்தது. இலைகள் இல்லை. மழையில் விழுந்த அப்பளம் மாதிரி எல்லாம் அமுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிக் கிடந்தன. அபியின் அப்பாவும் முனிராஜும் சுவருக்கு முன்னால் தப்புச் செய்த பிள்ளைகள்போல நின்றுகொண்டிருந்தார்கள். என் வெளிர்ப்பச்சை டப்பா மூலையில் மூடி திறக்காமல் இருந்தது.

"அக்கா, அடிக்கச் சொல்ல சூப்பரா இருந்துச்சு. பத்து நிமிஷம் களிச்சி ஒவ்வொரு எலையா உக்காந்துச்சு."

மாடியிலிருந்து இறங்கி வந்த ஜெயம்மா சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. சாவி எங்க? ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமில்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற அபி அதற்குள் இரும ஆரம்பித்திருந்தாள்.

அவளை வெளித்திண்டில் உட்கார வைத்துவிட்டு, கம்பெனி முறைப்படி விசாரணை நடத்தினேன். எங்கள் கம்பெனியில் ஒரு கோளாறு வந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்கவேண்டும். ஐந்தாவது ஏனில் உண்மைக் காரணம் வந்துவிடும் என்பது நம்பிக்கை.

"ஏன் இலை போச்சு?"

"தின்னர் நுரையைத் தின்னுடுச்சுக்கா."

"தின்னர் ஏன் வந்துச்சு?"

"நம்ம பெயிண்ட்டு தின்னர்லதானே கலக்கறது."

"உங்க பெயிண்ட்டை ஏன் அடிச்சீங்க? டப்பா வெச்சுட்டுப் போனேன்ல?"

"அத ஆட்டிப் பார்த்தேன், மோர் மாதிரி தண்ணியா இருந்துச்சுக்கா. பாப்பா ரூமாச்சேன்னு ஷெட்ல இருந்து நல்லதா எடுத்தாந்தேன். ஷீட்ல இன்ன பெயிண்ட்டுன்னு போடலியே."

"ஏன் போடல?" என்று நான்காவது ஏனையும் கேட்டுவிட்டேன். பழக்க வேகம்.

அபியின் அப்பா சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு படிகள், கீழே என் கையெழுத்து. "அதைக் கையெழுத்துப் போட்டவங்களத்தான் கேக்கணும், இன்ஸ்பெக்டரம்மா" என்றார், மெதுவாக.

ஐந்தாவது ஏன் தேவைப்படவில்லை. பெயிண்ட் என்றால் இவர்களுக்கு ஒன்றுதான். தினமும் எட்டு மணி நேரம் அதைத்தான் அடிக்கிறார்கள். எது நல்லது என்று அவர்களுக்குத் தோன்றியதோ அதைக் குழந்தைக்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள். தாளில் இல்லாததை வேலை செய்பவர் தன் அறிவுக்கு முடிவு செய்துகொள்ளலாம் என்பதும் எங்கள் கம்பெனி விதிதான். நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்த விதி.

அந்த வாசனை போகப் பத்துப் பதினைந்து நாளாகும் என்றார் முனிராஜ். அபியின் அப்பா உள்ளே போய்ப் பரணிலிருந்து, ஊருக்கு எடுத்துப்போகும் பச்சைப் பெட்டியை இறக்கினார். எனக்குப் புரிந்தது. "இப்ப வேற வழி இல்லம்மா. நாளைக்கு நான் லீவு போட்டுட்டு விருதுநகர்ல விட்டுட்டு வர்றேன். அங்க ஃபாரம்கூட வாங்கி வெச்சுட்டாங்களாம்." போனில் அக்காவும் இவரும் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. நான் பெட்டியில் அபியின் பாவாடைகளை அடுக்கினேன். ஒன்றுவிடாமல் அடுக்கினேன். அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று ஒவ்வொரு பாவாடையிலும் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அடுக்கினேன். பரிசோதனைக்காரிக்கு அப்படி ஒரு வசதி.

ஜெயம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டி எதுக்கு?"

சொன்னேன்.

"அய்யோ, பேடாம்மா!" கன்னடத்தில் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. "கீழ நாத்தம் அடிச்சா மேல வரணும். மேல ரூம் சும்மா தானே கெடக்குது? இதுக்குப் போயி யாராச்சும் விருதுநகருக்குப் போவாங்களா?" அபியின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ பேசாத. நீ போயி உன் பைக்க வெளிய தள்ளு" என்று சுவரைக் காட்டினார். அடுத்த நிமிஷம் பச்சைப் பெட்டி அவர் இடுப்பில் இருந்தது. அபி அவருக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தாள்.

பதினொரு நாள் நானும் அபியும் மாடியில் இருந்தோம். கிழக்குப் பார்த்த சின்ன அறை. ஜெயம்மாவின் டிரங்குப் பெட்டிகளும் ஒரு தையல் மெஷினும் ஒரு மூட்டை ராகியும் நாங்களும். ஜெயம்மா அபிக்குக் களி உருட்டக் கற்றுக்கொடுத்தார். அபி அவருக்குத் தமிழில் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தாள். 'ஜெ'யின் கொம்பு எந்தப் பக்கம் என்பதில் இருவருக்கும் கடைசிவரை தகராறு. விடியற்காலையில் நான் விழித்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்பேன். நாலாம் நாள் விசில் குறைந்தது. ஏழாம் நாள் அது இல்லவே இல்லை. எங்கே, காது மந்தமாகிவிட்டதோ என்று என் மூச்சையே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

கீழே முனிராஜ் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடே வந்து சுரண்டினார். அவர் பெயிண்ட் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மை. லேசில் போகவில்லை. பிளேடால் கோடு கோடாகக் கீறி, சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாக உரித்தார். "என் வேலைக்கு நானே வில்லன்கா" என்பார். நான் திரும்பப் பெங்களூரு போனபோது கடைக்காரர் உள்ளே பார்த்து, "வெர்னியர் அம்மா வந்துட்டாங்க, அதே இலை எடு" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "தண்ணிப் பெயிண்ட்னு சொன்னேனேம்மா" என்றார். ஆமாம், சொன்னார்.

இரண்டாவது முறை ஒட்டியது மூன்று பேரும் சேர்ந்து. தாள் எழுதவில்லை. வெளிர்ப்பச்சையை முனிராஜே ரோலரில் அடித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. அமுக்காமல், ரோலரை அதன் கனத்திலேயே உருளவிட்டு, முதல் கோட் பேருக்கு ஒன்று, காய்ந்ததும் இன்னொன்று. இலைகள் அப்படியே நின்றன.

அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்வது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சனிக்கிழமை தோறும் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தூசி தட்டுவேன். மாதம் ஒரு தடவை பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பேன். தேய்த்தால் இலை நுனி மழுங்கிவிடும். ஓரம் எங்காவது தூக்கிக்கொண்டால் அபியின் மருந்து ஊற்றும் சொட்டுக்குழாயில் பசையை உறிஞ்சி உள்ளே விட்டு அமுக்கிவிடுவேன். மழைக்காலத்துக்கு முன்னால் மாடிக்குப் போய்த் தொட்டிக் குழாயைப் பார்த்துவிட்டு வருவேன். ஜெயம்மா அதற்கு, "வந்துட்டா என் வீட்ட ஜப்தி பண்றவ" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை புது நிறம். ஒரு வருஷம் அபி கேட்ட எலுமிச்சை மஞ்சள், ஒரு வருஷம் ஜெயம்மா கேட்ட வெங்காயச் சருகு நிறம். நீலம் கேட்க முனிராஜுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் இலை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துகொண்டே வந்தது. அதனால் மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு நிறம் மாற்றுவதை நிறுத்திவிட்டோம்.

நான் பயந்துகொண்டிருந்த அந்த ஜூன் மாதம் வந்தது. லாரி மாதிரி வரவில்லை, சாதாரணமாக, சாரல் மழையோடு வந்தது. அபியை ஓசூரிலேயே சேர்த்தோம். அந்த மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவை மூச்சு வாங்கியது. அடுத்த வருஷம் அதுவும் இல்லை. வளர வளரச் சில பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடும் என்றார் டாக்டர். அபியின் அப்பா தொட்டிக் குழாய்தான் காரணம் என்பார். முனிராஜ், தான் உரித்த உரிப்பில் சுவருக்கே புத்தி வந்துவிட்டது என்பார். நான் எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. பிள்ளை வீட்டில் இருந்தாள். பச்சைப் பெட்டி திரும்பப் பரணுக்குப் போனது.

அந்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்தோம். பிறகு சொந்தமாக இந்த அடுக்ககம். முனிராஜ் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மாறிப் போய்விட்டார். அங்கே பெயிண்ட் அடிப்பதெல்லாம் ரோபோவாம், இவர் அது அடிப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறாராம். "அதுக்கும் ஷீட்ல இருக்கறதுதான்கா தெரியும்" என்று பொங்கலுக்குப் பேசும்போது சொன்னார். முதுகில் நிறம் ஒட்டும் டிஸ்டம்பர் சுவர் எங்கும் இல்லை. இந்த அடுக்ககத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, எங்கள் தலைக்கு மேல் குடியிருப்பவர்களை நான் லிஃப்டில் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். அபி விழுந்த அன்றைக்கு நான் பதறிக்கொண்டு இறங்கியபோதும் அவர்களில் ஒருவர் லிஃப்டில் இருந்தார். கீழே போகும் வரை இருவரும் எண்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

ஜெயம்மா போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷமாகிறது. மைசூரில் இருந்த அவர் மகன்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். போன வாரம் அபிக்கு மருந்து வாங்கிக்கொண்டு அந்தத் தெருவழியாக வந்தேன். வீட்டை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே ஒரு டயர் கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே தகரக் கூரை, ஒரே தளம். மாடி கிடையாது. எதிர்ப்பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். படிக்கட்டு இந்தப் பக்கம், தொட்டி அந்தப் பக்கம் என்றால், கிழக்குப் பார்த்த அந்தச் சின்ன அறை தகரக் கூரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே வரும். நானும் பிள்ளையும் பதினொரு நாள் படுத்திருந்த இடம் காற்றில் இருக்கிறது. ஒரு கேபிள் வயர் அதன் நடுவாகப் போகிறது.